காசு கொடுத்தவர் யார், காத்திருந்தவர் யார்?



வீடு மாறினால் பிள்ளையின் வாழ்வும் மாறுமா? அகதியாய் வந்து, வாடகை குறைந்த தொடர்மாடியில் வாழ்வைத் தொடங்கிய எங்கள் பெற்றோர் பலர் மனதுக்குள் கேட்ட கேள்வி இது. இதே கேள்விக்கு அமெரிக்காவில் விடை தேடிய ஓர் ஆய்வைப் பற்றி இன்று பேசுகிறேன்.

1994இல் அமெரிக்க மத்திய அரசின் வீடமைப்புத் திணைக்களம் இதைத் தொடங்கியது. நியூயோர்க், சிக்காகோ உட்பட ஐந்து நகரங்களின் வறிய குடியிருப்புகளில் இருந்து ஏறத்தாழ 4,600 குடும்பங்கள் விரும்பிச் சேர்ந்தன. திருவுளச்சீட்டுப் போலப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு, வறுமை குறைந்த இடத்தில் குடியேற வாடகை உதவி. இன்னொரு பகுதியினருக்கு, விரும்பிய இடத்துக்கான வழமையான வாடகை உதவி. மற்றவர்களுக்குப் புதிய உதவி இல்லை. ஆகவே பின்னர் தெரிந்த வேறுபாட்டுக்குக் காரணம் குடும்பத்தின் கெட்டித்தனம் அல்ல, இடம்தான் என்று சொல்ல முடிந்தது.

பத்துப் பதினைந்து ஆண்டுகளின் பின் பார்த்தார்கள். பெரியவர்களின் உடல்நலமும் மனநலமும் தேறியிருந்தன. வருமானம் கூடவில்லை. பிள்ளைகளின் படிப்பிலும் பெரிய முன்னேற்றம் இல்லை. பலருக்கு ஏமாற்றம்.

2015இல் ராஜ் செட்டி உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள், வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளைகளை வருமான வரிப் பதிவுகளில் மீண்டும் பார்த்தார்கள். 13 வயதுக்கு முன் வறுமை குறைந்த இடத்துக்கு மாறியவர்கள், இருபதுகளின் நடுவில் ஏறத்தாழ 31 வீதம் கூடுதலாக உழைத்தார்கள்! பதின்மூன்றைத் தாண்டி மாறியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

பனங்கொட்டை நட்டவன் அடுத்த வருடமே நுங்கு தேடலாமா? ஆனால் ஆய்வுக்கான நிதி பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கே கிடைக்கிறது. இடையில் கணக்கை மூடியிருந்தால், பிழையான விடையே நிலைத்திருக்கும். ஆகவே "ஆய்வு சொல்கிறது" என்று யாரும் சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: காசு கொடுத்தவர் யார்? எத்தனை காலம் காத்திருந்து பார்த்தார்கள்?

இன்னுமொன்று. ஆய்வுக்காரர் கதவைத் தட்டினால் நாங்கள் தயங்குகிறோம். பெயரும் விலாசமும் கொடுத்ததால் வந்த ஆபத்தை அறிந்தவர்கள் நாங்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் கதவைச் சாத்துமுன், யார் பணம், விபரம் எங்கே போகும், இடையில் விலகலாமா என்று கேளுங்கள். பதில் திருப்தியென்றால் பேசுங்கள். நாங்கள் பேசாவிட்டால், எங்கள் பிள்ளைகளின் கதை எந்தக் கணக்கிலும் வராது.