கண்மாய் செத்தால் யாருக்கு இழப்பீடு?

(மதுரை கோரிப்பாளையத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து புறப்பட்ட மேலூர் வட்டார மக்கள், நாம் கூடியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்தை நோக்கித் திரண்டு வந்தார்கள். டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்றார்கள். அதே மாதம் 23ஆம் தேதி ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. இது மக்களின் வெற்றி. ஆனால் இதோடு வேலை முடிந்துவிடவில்லை.

டங்ஸ்டன் தாதுவில் உலோகம் பொதுவாக நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. மீதிப் பாறையை அரைத்த சேற்றைக் கரை கட்டித் தேக்கி வைப்பார்கள். 2015 நவம்பர் 5 அன்று பிரேசிலின் மரியானாவில், ஓர் இரும்புச் சுரங்கத்தின் கழிவு அணை உடைந்தது. 19 பேர் இறந்தார்கள். சேறு டோசே ஆற்றில் 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கடலில் கலந்தது. அந்த ஆற்றை நம்பி வாழ்ந்த கிரெனாக் பழங்குடி மக்களுக்கு மீனும் போனது, குடிநீரும் போனது. இங்கே 72 ஏரிகளும் 200 ஊற்றுகளும் இருப்பதாக அரசே பதிவு செய்து, 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்த அரிட்டாபட்டியையும் சேர்த்துத்தான் 2,015 ஹெக்டேரை ஏலம் விட்டார்கள்.

சுரங்கக் கழிவு நமக்குப் புதிதல்ல. மேலூர் பக்கம் கிரானைட் குவாரிகளில் வெட்டிய கல்லில் பெரும்பகுதி விற்பனைக்கு ஆகாது. அந்தக் கழிவுக் கல்லைக் கண்மாயிலும் வரத்துக் கால்வாயிலும் கொட்டினார்கள். 2012இல் ஆட்சியர் சகாயம், அரசுக்கு ஏற்பட்ட இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று அறிக்கை அனுப்பினார். உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்தது. 2015இல் விரிவான அறிக்கையும் கொடுத்தார்.

அது அரசின் இழப்பு. பட்டா வைத்திருப்பவர் தன் நிலத்தைக் காட்டி இழப்பீடு கேட்கலாம். கண்மாய் தூர்ந்ததால் நடவு இல்லை, களையெடுப்பு இல்லை, அறுப்பு இல்லை. அந்தக் கூலியை நம்பியிருந்த சேரிப் பெண் எந்தக் காகிதத்தைக் காட்டுவாள்? தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவளிடம் பட்டா எப்படி இருக்கும்? அதனால்தான் சொல்கிறேன்: கழிவைக் கொட்டியது முதலாளி, அந்த இழப்பைக் கணக்கிலேயே வராமல் செய்தது சாதி.

இதே மேலூர் வட்டாரத்தில்தான் மேலவளவு இருக்கிறது. ஊராட்சித் தலைவராக ஒரு தலித் வந்ததைப் பொறுக்காமல், 1997 ஜூன் 30 அன்று முருகேசனையும் தோழர்களையும் வெட்டிக் கொன்றார்கள். ஊராட்சி என்றால் வெறும் நாற்காலியா? பொதுச் சொத்தில் யாருக்கு உரிமை என்று முடிவெடுக்கிற அதிகாரம். 1927இல் மகாடு குளத்தில் அம்பேத்கர் கையில் அள்ளிய தண்ணீரும் அதே உரிமைதான்.

ஆகவே, நீர்நிலையைக் காப்போம் என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொல்கிறோம். குவாரிக் கழிவை முதலாளிகள் செலவில் அகற்ற வேண்டும். வேலை இழந்த நிலமற்ற கூலிகளைப் பெயர் பெயராகக் கணக்கெடுத்து இழப்பீடு தர வேண்டும். மீட்ட கண்மாயின் தண்ணீரிலும் மீன்பாசி ஏலத்திலும் சேரிக்குச் சம பங்கு வேண்டும்.

இளந்தோழர்களே, அடுத்த கிராம சபைக்குப் போங்கள். இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், சபையிலேயே எழுந்து காரணம் கேளுங்கள்.

ஜெய்பீம்.