கூழ்த் தானியம் குறைந்த கதை

(கிளைப் பொதுக்கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், மழைநாள் வேலை என்று இந்த மேடையில் நாம் பேசாத நாளில்லை. இன்று அந்தச் சம்பளம் போய்ச் சேரும் இடமாகிய சோற்றுப் பானையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். நான் கணக்கு எழுதுபவன்; ஆகவே கணக்காகவே சொல்கிறேன்.

உழைத்துத் தேய்ந்த தசையை மீண்டும் கட்டுவது புரதச் சத்து. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. 60 கிலோ எடையுள்ள ஆளுக்கு இது 50 கிராம் ஆகிறது. 400 கிராம் அரிசியைப் பொங்கித் தின்றால் கிடைப்பதோ 30 கிராம் அளவே. மீதி 20 கிராமுக்கு எங்கே போவது?

மீன், முட்டை, பால் என்பீர்கள். ஆனால் சேலத்திலும் திருச்சியிலும் வட ஆற்காட்டிலும் இருந்து கப்பலேறிய நம் பாட்டன் பூட்டன்மார் தினந்தோறும் மீனையும் முட்டையையும் கண்டார்களா? அவர்களுடைய உடம்பைத் தாங்கியவை புன்செய்க் காட்டில் விளைந்த கம்பும் சோளமும் கேழ்வரகும் தினையுமே. அவற்றோடு ஊடுபயிராக நின்ற துவரையும் மொச்சையுமே.

100 கிராம் கம்பில் சுமார் 11 கிராம் புரதம் உண்டு. சோளத்தில் 10, தினையில் 12. தீட்டிய அரிசியில் 7 முதல் 8 கிராம்தான். கேழ்வரகின் புரதமும் ஏறக்குறைய அரிசியளவே; அதன் பெருமை சுண்ணாம்புச் சத்தில் இருக்கிறது. 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம். அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. ஆகவே சிறு தானியமெல்லாம் ஒன்றே என்று எண்ணிவிடலாகாது. இன்னொன்று: தானியப் புரதத்தில் லைசின் என்னும் பகுதி குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. இரண்டும் சேர்ந்தால்தான் புரதம் முழுமை பெறும். படிக்காத நம் பாட்டிமார் கூழுக்குத் துணையாகப் பயற்றை வைத்ததில் எவ்வளவு அறிவு இருந்தது பாருங்கள்!

இன்று அந்தத் தானியங்களின் நிலை என்ன? இந்தியாவில் 1950களின் நடுவில் சாமை, வரகு, தினை, குதிரைவாலி முதலியவை சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் விளைந்தன; இன்று 10 லட்சத்துக்கும் கீழ். 1.5 கோடி ஹெக்டேரில் விளைந்த சோளம் 50 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. கம்பு மட்டும், 1965இல் வீரிய ஒட்டு விதை வந்த பிறகு, குறைந்த நிலத்தில் கூடுதலாக விளைகிறது. ஆனால் 1951இல் 36 கோடியாக இருந்த மக்கள் 2011இல் 121 கோடி ஆகிவிட்டார்களே! பருப்பாவது ஈடு செய்ததா? அதுவும் இல்லை. 1961இல் தலைக்கு நாளொன்றுக்குச் சுமார் 69 கிராம் இருந்த பருப்பு 2001இல் சுமார் 30 கிராமாகச் சுருங்கியது. தானியமும் குறைந்தது, துணையும் குறைந்தது.

இதற்குக் காரணம் மக்களின் அறியாமையா? இல்லை, தோழர்களே! 1965இல் இந்திய உணவுக் கழகம் பிறந்தது, 1966இல் ஐ.ஆர்.8 நெல் வந்தது. வாய்க்கால் தண்ணீர், உரம், கடன், நிச்சய விலை எல்லாம் நெல்லுக்கும் கோதுமைக்கும் போயின. அந்த அரிசி கோடிக்கணக்கானோரைப் பட்டினியிலிருந்து காத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் மானாவாரி விவசாயியின் தானியத்தை வாங்க ஆளில்லை. ரேஷன் கடையில் அரிசி மலிவு. காட்டில் விளையும் சாமைக்குக் கூலியே கட்டவில்லை. அன்றியும், நெல்லுக்கு மில் வந்தது. சாமையையும் வரகையும் உரலில் குத்தியவர்கள் பெண்கள். அந்தக் கைகள் ஓய்வு கேட்டது குற்றமா?

வயிறு நிறைவது வேறு, உடல் தேறுவது வேறு. இந்தப் பாடம் நம் மலாயாவுக்குப் புதிதல்ல. தீட்டிய வெள்ளை அரிசி உண்டவர்களைப் பெரிபெரி நோய் வாட்டியபோது, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பினார்கள். 1905இல் டாக்டர் பிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் நடத்திய சோதனை அதை மெய்ப்பித்தது. ஜப்பானியர் காலத்தில் வயிற்றை நிரப்பிய மரவள்ளியில் 100 கிராமுக்குச் சுமார் 1 கிராம் புரதமே உண்டு. அன்று நலிந்த உடல்களைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

இந்திய அரசும் பின்னர் விழித்துக்கொண்டது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் சிறு தானியத்தையும் ரேஷனில் சேர்த்தது. 2017இல் ஒடிசா மாநிலம் சிறு தானிய இயக்கம் தொடங்கியது. 2023ஐ ஐக்கிய நாட்டு சபை சிறு தானிய ஆண்டு என அறிவித்தது. அதே ஆண்டில் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நல்லது. ஆனால் நம் பட்டணத்துக் கடைகளில் அந்த ஏழைத் தானியம் அழகான பொட்டலத்தில், அரிசியைவிட அதிக விலையில் உட்கார்ந்திருக்கிறது! விளைவித்தவன் கைவிட்டதை வசதியுள்ளவன் வாங்குகிறான்.

ஆகவே நான் சொல்வது இரண்டு. முதலாவது, சம்பளக் கோரிக்கைக்குக் கணக்குப் போடும்போது அரிசி மூட்டையோடு நிறுத்திவிடாதீர்கள். பருப்பு, நெத்திலி, முட்டை, பிள்ளைகளுக்குப் பால் ஆகியவற்றின் விலையையும் எழுதி மேசைமேல் வையுங்கள். வயிற்றை மட்டும் நிரப்பும் கூலி அரைக் கூலியே. இரண்டாவது, தாய்மார்களே, ஆடி மாதம் அம்மனுக்கு ஊற்றும் கூழ் ஒரு நாளோடு நின்றுவிட வேண்டாம். முடிந்தபோது கம்பும் கேழ்வரகும் வாங்குங்கள். முடியாதபோது, சோற்றோடு பயறோ தெம்பேயோ தவறாமல் சேருங்கள். விடியுமுன் வெறும் தேநீரோடு மரம் வெட்டப் போகிறவனை அனுப்பாதீர்கள்.

எதைத் தின்பது என்பதை நம் நாக்கு மட்டும் தீர்மானிக்கவில்லை. விலையும் சட்டமும் கூலியும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அவற்றை மாற்றும் வலிமை சங்கமாகக் கூடிய நம் கையில் இருக்கிறது.