உறவு விவாகமும் ஒரு வைத்தியரின் கடிதமும்

(எளாவூரில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் விவாகத்தைப் பற்றியது. தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் எல்லைப்புறம் நம் எளாவூர். அத்தை மகளையும் மாமன் மகளையும் முறைப்பெண் என்று தமிழர் கூறுவர். அச்சம்பந்தத்தையே மேனரிகம் என்று தெலுங்கர் கூறுவர். அக்காள் மகளைத் தாய்மாமன் மணப்பதும் இரு சாராருக்கும் உடன்பாடே. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் நூற்றுக்கு 28 பேர் உறவினரை மணந்தவர் எனக் கண்டனர். ஆதலின் இது நம் வீட்டு விஷயமேயாம். இவ்விஷயத்தில் உலகிற்குத் தெளிவு பிறந்தது, ஒரு வைத்தியருக்கும் ஒரு விஞ்ஞானிக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தினால் என்பதைப் பலர் அறியார்.

லண்டன் மாநகரில் ஆர்ச்சிபால்டு காரட் என்னும் வைத்தியர் இருந்தார். 1857-ல் பிறந்த அவர், சிறுவர் ஆஸ்பத்திரியில் பணி புரிந்து வந்தார். அவரிடம் கொண்டுவரப்பட்ட ஒரு குழந்தையின் சிறுநீர், துணியிற் பட்டுக் கறுத்தது. அக்குறைக்கு அல்காப்டோனூரியா என்று பெயர். இளமையில் இதனாற் பெருந்துன்பமில்லை. வயது ஏறிய பின்னரே முதுகும் மூட்டுக்களும் நோவெடுக்கும். குடலிற் புகுந்த கிருமியின் செயல் இது என அக்காலத்து வைத்தியர் கருதினர். காரட் அதனை ஒப்பவில்லை. 1901-ல் அவ்வீட்டில் மற்றொரு சிசு பிறந்தபோது, அதன் துணிகளைத் தொடக்கமுதல் கவனித்துவரச் செய்தார். மூன்றாம் நாளே கறை கண்டது. குறை பிறவியோடு வந்தது என்பது அவருக்குத் துணிபாயிற்று.

பின்னர்ப் பெற்றோரை விசாரித்தார். அவ்விருவருடைய தாய்மாரும் உடன்பிறந்த சகோதரிகள் எனத் தெரிந்தது. இக்குறையுள்ள பிற குடும்பங்களை ஆராய்ந்தபோதும் உறவு விவாகமே மிகுந்து காணப்பட்டது. இஃது ஏன் என்பதற்கு வைத்திய சாஸ்திரத்தில் விடையில்லை.

விடை கேம்பிரிட்ஜில் இருந்தது. அங்கே வில்லியம் பேட்சன் என்னும் விஞ்ஞானி, செடிகளையும் கோழிகளையும் கொண்டு பரம்பரைக் குணங்களை ஆராய்ந்து வந்தார். மெண்டல் என்னும் துறவி பட்டாணிச் செடியிற் கண்டு 1866-ல் வெளியிட்ட விதிகள், 34 ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1900-ல் மீண்டும் வெளிப்பட்டிருந்தன. காரட்டின் செய்தி பேட்சனுக்கு எட்டியது. 1902 ஜனவரியில் இருவருக்கும் கடிதம் நடந்தது. வைத்தியரிடம் குடும்ப விவரம் இருந்தது, விதி இல்லை. விஞ்ஞானியிடம் விதி இருந்தது, மனிதக் குடும்பம் இல்லை. ஒருவர் குறையை மற்றவர் நிரப்பினார். அவ்வாண்டு டிசம்பரில் லான்செட் பத்திரிகையில் எழுதிய காரட், விளக்கம் பேட்சனுடையது என்பதை மறையாது கூறினார். 1909-ல் இத்தகைய பிறவிக் குறைகளைப் பற்றித் தனி நூலும் வெளியிட்டார்.

அவ்விளக்கம் எளியது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக நமக்கு இரண்டிரண்டு வித்துக்கள் வருகின்றன. ஒன்று பழுதாயினும் மற்றது காக்கும்; பழுது வெளியே தெரியாது. தாய் தந்தை இருவரிடத்தும் ஒரே பழுது மறைந்திருப்பின், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் குறை நேர நான்கில் ஒரு பங்கு இடமுண்டு. ஒரே பாட்டன் பாட்டியின் வழிவந்தோரிடம் ஒரே பழுது இருத்தல் பிறரினும் எளிது.

அன்பர்களே! அந்த லண்டன் தம்பதிகள் நம் முறைப்படி அண்ணன் தங்கையராவர். நாம் கனவிலும் அச்சம்பந்தம் பேசோம். ஆனால் இயற்கைக்கு முறை தெரியாது. அத்தை மகளாயினும் சிற்றன்னை மகளாயினும் இரத்தக் கலப்பில் எட்டில் ஒரு பங்கு பொதுவே. அக்காள் மகளோ நான்கில் ஒரு பங்கு. முறை என்பதொன்றே நம்மைக் காக்கும் என்றிருத்தல் கூடாது.

உறவில் மணந்தோரின் பிள்ளைகளுள் பெரும்பாலோர் நல்ல தேகத்துடனேயே பிறக்கின்றனர் என்பதும் உண்மை. அசலில் பெண் கொண்டாற் போதும் என்பதும் முழு உண்மையன்று. தலைமுறை தலைமுறையாக ஒரே வகுப்புக்குள் கொண்டு கொடுத்தால், உறவு தெரியாதாரிடத்தும் ஒரே பழுது பரவியிருக்கலாம். அறுவைச் சிகிச்சையின்போது தரும் ஒரு தசைத்தளர்ச்சி மருந்தை முறிக்கும் சத்துக் குறைந்தோர் வைசிய வகுப்பாரிடையே மிகுந்திருப்பதை 2017-ல் வெளியான ஆராய்ச்சியொன்று இதற்கு உதாரணமாகக் காட்டியது. எந்த வகுப்பாரும் தமக்கு இவ்விதி இல்லையெனச் சொல்ல இயலாது.

இனி, பிள்ளை குறையுடன் பிறந்தால் மருமகளைப் பழிக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் ஒழியவில்லை. அவள் கால் வைத்த வேளை என்பர். அவள் செய்த பாவம் என்பர். நாம் கூறிய குறைகளில் தந்தையின் பங்கும் தாயின் பங்கும் சரிபாதி. இதனை அறிந்தும் ஒரு பெண்ணைத் தூற்றுவது அநியாயம்.

ஆகவே, சம்பந்தம் பேசுமுன் ஜாதகத்தோடு வமிச விவரமும் பார்த்தல் நலம். இளமையில் இறந்த சிசுக்கள், காது கேளாதோர், வளர்ச்சி குன்றியோர் நம் குடும்பத்தில் உண்டாயின், அதனை வைத்தியரிடம் ஒளியாமற் கூறவேண்டும். மரபுக் குறைகளைச் சோதித்து யோசனை கூறும் வைத்தியர் சென்னையிலும் வேலூரிலும் உள்ளனர். அப்பெற்றோர் மானத்திற்கு அஞ்சித் தம் உறவை மறைத்திருந்தால், காரட் கடிதத்தில் எழுத ஒன்றும் இருந்திராது. அவர்கள் சொன்ன ஒரு சொல்லால் எண்ணிறந்த குடும்பங்கள் தெளிவு பெற்றன. நம்மவரும் அவ்வாறு வாய் திறக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம்.