சாதாரணப் பெறுபேறும் தாதியியல் பட்டமும்

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டுப் பழைய மாணவியர் சங்கம் நடத்திய தொழில் வழிகாட்டல் நாளில், உயர்தர மாணவியருக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை)



என்னைப் பேச அழைத்தபோது சங்கச் செயலாளர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அக்கா, மூன்று 'ஏ' எடுக்கிற பிள்ளைகளுக்கு வழி சொல்ல ஆட்கள் நிறைய இருக்கினம். இரண்டு 'சி', ஒரு 'எஸ்' எடுக்கிற பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லுங்கோ." ஆகவே எனது பேச்சு அந்தப் பிள்ளைகளுக்கானது. தாதியாகவும் பின்னர் தாதியர் ஆசிரியையாகவும் இருந்தவள் என்ற முறையில் தாதியியலைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் ஒரு தப்பபிப்பிராயத்தை நீக்கிவிடுவோம். மருத்துவம் கிடைக்காவிட்டால் தாதியியல் எப்படியும் கிடைக்கும் என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கொழும்பு, பேராதனை, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, யாழ்ப்பாணம், றுகுணு, கிழக்கு ஆகிய பல்கலைக்கழகங்களில் இந்தப் பட்டம் உண்டு. நான்கு வருடப் படிப்பு, ஆங்கில மொழிமூலம். இடங்கள் கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம். சாதாரணப் பெறுபேறு உள்ள பிள்ளை அங்கே போக விரும்பினால், விதிகளை மற்றவர்களைவிட நன்றாக அறிந்திருக்க வேண்டும்.

விதிகளில் முக்கியமானது இசட் புள்ளி. 2001ஆம் ஆண்டிலிருந்து பல்கலைக்கழக அனுமதி இதை வைத்தே நடக்கிறது. இது நீங்கள் எடுத்த புள்ளியல்ல; அதே பாடத்தை எழுதிய மற்றவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்ற கணக்கு. உதாரணத்துக்கு, இரசாயனவியலில் சராசரி 40, நியம விலகல் 15 என்று வைத்துக்கொள்வோம். 55 எடுத்த பிள்ளைக்கு இசட் புள்ளி 1. உயிரியலில் சராசரி 55, நியம விலகல் அதே 15 என்றால், அந்த 1ஐப் பெற 70 எடுக்க வேண்டும். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளினதும் சராசரியே உங்கள் இறுதிப் புள்ளி.

இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. பிடித்த பாடத்தில் 70ஐ 80 ஆக்குவதும், பயப்படுகிற பாடத்தில் 40ஐ 50 ஆக்குவதும் இந்தக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுதான். எது இலகு? இரண்டாவதுதான். ஆனால் நம் பிள்ளைகள் உயிரியலுக்கு மூன்று ரியூசனுக்குப் போவார்கள், பௌதிகவியல் புத்தகத்தைத் திறக்கவும் மாட்டார்கள். மூன்று பாடங்களிலும் ஒரே அமர்வில் குறைந்தது 'எஸ்' இருக்க வேண்டும். பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி வேண்டும். ஒரு பாடத்தில் தவறினால் மற்ற இரண்டில் எவ்வளவு எடுத்தும் பயனில்லை. ஆகவே உங்கள் நேரத்தைப் பலவீனமான பாடத்துக்குக் கொடுங்கள்.

இரண்டாவது, மாவட்டம். இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. கொழும்பு அந்தப் பதினாறில் இல்லை. ஆகவே முல்லைத்தீவிலோ நுவரெலியாவிலோ உள்ள பிள்ளைக்குப் போதுமான புள்ளி, வெள்ளவத்தைப் பிள்ளைக்கோ கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கோ போதாமற் போகலாம். இதைக் குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கு நம்மைப் போல ஆய்வுகூடமும் ஆசிரியரும் இருப்பதில்லை. ஆனால் நமது நிலையை உள்ளபடி அறிந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெட்டுப்புள்ளிகளை வெளியிடுகிறது. கடந்த சில வருடங்களில் கொழும்பு மாவட்டத்துக்குத் தாதியியலில் என்ன புள்ளி இருந்தது என்பதை எழுதி, படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள்.

மூன்றாவது, விண்ணப்பப் படிவம். அதிலே பாடநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்ததுதான் ஒரு தெரிவு. ஒரு பல்கலைக்கழகத்தின் தாதியியலை மட்டும் எழுதினால் மற்றவற்றுக்கு நீங்கள் கருதப்படமாட்டீர்கள். யாழ்ப்பாணம் தூரம், வந்தாறுமூலை தூரம் என்று பெற்றோர் சிலர் அந்தத் தெரிவுகளை வெட்டிவிடுகிறார்கள். நான்கு வருடத் தூரத்துக்குப் பயந்து நாற்பது வருடத் தொழிலை விடலாமா?

இவ்வளவும் செய்தும் வெட்டுப்புள்ளி எட்டாவிட்டால் என்ன செய்வது? இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பட்டத்துக்கு இன்னொரு பாதை உண்டு.

சுகாதார அமைச்சு தாதியர் பயிற்சிக்கு வர்த்தமானி மூலம் விண்ணப்பம் கோருகிறது. பயிற்சி மூன்று வருடம். கட்டணம் இல்லை, பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் உண்டு. முடித்து, இலங்கைத் தாதியர் சபையில் பதிவுசெய்தால் நீங்கள் பதிவுபெற்ற தாதி. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், கனடாவின் அதபஸ்கா பல்கலைக்கழகத்தின் உதவியோடு, 1994இல் பதிவுபெற்ற தாதியருக்கான தாதியியல் பட்டத்தை ஆரம்பித்தது. பகலில் வாட்டில் வேலை, இரவில் படிப்பு. எனது மாணவியர் சிலர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒப்படை எழுதினார்கள். அவர்கள் பட்டம் பெற்றபோது உயர்தரத்தில் என்ன பெறுபேறு என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே தங்கைமாரே, வெட்டுப்புள்ளிக்கு மிக அருகில் இருந்தால் இன்னொரு முறை எழுதுங்கள். தூரமாக இருந்தால் மூன்றாம் முறைக்காக வீட்டில் காத்திருக்க வேண்டாம். வர்த்தமானிக்கு வயதெல்லை உண்டு. நிபந்தனைகள் ஒவ்வொரு அறிவித்தலிலும் மாறக்கூடும்; மற்றவர் சொல்வதைக் கேளாமல் நீங்களே வாசியுங்கள். பெறுபேறு வந்தவுடன் இரண்டு பாதைகளுக்கும் விண்ணப்பியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தாதியர் பயிற்சி என்ற பெயரில் தனியார் பாடநெறிகள் பல விளம்பரப்படுத்தப்படுகின்றன. நல்லவையும் உண்டு. ஆனால் காசு கட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை முடித்தால் தாதியர் சபையில் பதிவுசெய்யலாமா? பதில் எழுத்தில் வராவிட்டால் எழுந்து வாருங்கள். நகை அடகு வைத்துப் பெற்ற சான்றிதழை ஒரு வைத்தியசாலையும் ஏற்காமல் அழுத பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. "பீத்துணி மாற்றுகிற வேலையா?" என்று இன்னும் கேட்கிறார்கள். ஆம், அதுவும்தான். நீங்கள் படுக்கையில் கிடக்கும் நாளில் அதை முகஞ்சுளிக்காமல் செய்கிறவளுக்கு, உங்கள் மருந்தின் அளவையும் இதயத் துடிப்பின் மாற்றத்தையும் அறிகிற அறிவும் இருக்க வேண்டும். அந்த இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருப்பதுதான் இந்தத் தொழில்.

நான் களுபோவிலையில் வசிக்கிறேன். வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ ஒருவருக்கு நடுச்சாமத்தில் நெஞ்சு நொந்தால், எங்கள் வீதியால்தான் ஆட்டோவில் கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலைக்கு ஓடுகிறார்கள். கொட்டாஞ்சேனை என்றால் பெரியாஸ்பத்திரிக்கு. அங்கே ஒரு அம்மம்மா "அந்தரமா இருக்கு பிள்ளை" என்று சொன்னால், அந்தச் சொல்லை எப்படிச் சிங்களத்தில் சொல்வது? வலியல்ல, மயக்கமுமல்ல. நான் பயிற்றுவித்த ஒரு பிள்ளை அந்தச் சொல்லைக் கேட்டவுடன் இரத்த அழுத்தத்தைப் பார்த்தாள், அது விழுந்துகொண்டிருந்தது. வைத்தியர் உடனே வந்தார், அம்மம்மா பிழைத்தார். அந்தப் பிள்ளை உயர்தரத்தில் மூன்று 'எஸ்' எடுத்தவள்.

தமிழ் உங்களிடம் இருக்கிறது. அதோடு சிங்களமும் ஆங்கிலமும் சேர்ந்தால், எந்த வாட்டிலும் உங்களைத் தேடுவார்கள். பெறுபேறு வரும்வரையான மாதங்களை அந்த இரண்டு மொழிகளுக்கும் கொடுங்கள்.

கடைசியாக, இந்த உரை மலரில் வரும் என்று சொன்னார்கள். ஆகவே லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்னிலும் இதை வாசிக்கப்போகும் என் பள்ளித் தோழிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் தாதியராக இருப்பவர்கள் பலர். நூற்றாண்டுக்கு மண்டபம் கட்டக் காசு தருகிறீர்கள், நன்றி. அதோடு வாரத்தில் ஒரு மணித்தியாலம் தாருங்கள். இங்குள்ள ஒரு பிள்ளையோடு தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேசுங்கள். அவளது விண்ணப்பத்தை அனுப்புமுன் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். விண்ணப்பிக்க விரும்பும் பிள்ளைகளின் பெயர்களைச் சங்கச் செயலாளர் இன்று மாலை இந்த மண்டப வாசலில் பதிவுசெய்கிறார். தங்கைமாரே, போகுமுன் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.