நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளும் அதன் மின்கலமும்



இரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பால் குறைந்துவிடுகின்றது. சில தோட்டங்களில் மரம் வெட்டும் வேலையும் சில வாரங்களுக்கு நிறுத்தப்படுகின்றது. அவ்வேளையில் வெளியூரிலுள்ள பிள்ளைகளைக் காணவோ, தமிழகத்து உறவினர்களைக் கண்டு வரவோ புறப்படுவோர் நம்மில் உண்டு. வீட்டைப் பூட்டுகின்றோம், கோழிகளை அண்டை வீட்டாரிடம் ஒப்படைக்கின்றோம், பழைய மோட்டார் சைக்கிளைத் தாழ்வாரத்தில் நிறுத்திச் சாக்கினால் மூடுகின்றோம். கோழிக்குத் தீனி போட ஆள் வைத்த நாம், வண்டியின் மின்கலத்தை நினைப்பதே இல்லை. கடையில் ‘பேட்டரி’ என்று கேட்டு வாங்குகின்றோமே, அதனைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகின்றோம்.

பனி பெய்யும் இங்கிலாந்து போன்ற நாடுகளில், பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் குளிர்காலம் முழுவதும் அதனைக் கொட்டகையில் நிறுத்திவிடுவர். மின்சாரம் இறங்கிய மின்கலத்தின் நீர் கடுங்குளிரில் உறைந்து பெட்டியையே பிளந்துவிடும் என்று அவர்கள் அஞ்சுவர். நமக்குப் பனியில்லை, ஆகவே அந்தக் கவலையும் இல்லை என்று சொல்லத் தோன்றும். ஆனால் குளிரில் மின்கலத்தின் சக்தி மெதுவாகவே கசிகின்றது. வெப்பத்தில் விரைந்து கசிகின்றது. ஏறத்தாழ 10 பாகை வெப்பம் கூடினால் கசிவு இரு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. பனிநாட்டில் மூன்று மாதம் தாங்குவது நம் தகரக் கூரையின் கீழ் அத்தனை நாள் தாங்காது.

மின்கலத்தின் உள்ளே ஈயத் தகடுகளும் நீர் கலந்த கந்தக அமிலமும் உள்ளன. பிரெஞ்சுக்காரரான காஸ்டன் பிளாந்தே 1859ஆம் ஆண்டில் கண்டறிந்த அமைப்பு இது. அடிப்படை இன்றும் மாறவில்லை. மின்சாரம் இறங்க இறங்கத் தகடுகளின் மேல் ஈய சல்பேட் என்னும் வெண்பொருள் படிகின்றது. உடனே மின்னேற்றினால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டுவிட்டாலோ கெட்டியாகி, பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் கரைய மறுக்கும். ஓட்டத்தில் தேய்ந்து கெடுவதைவிட, இப்படிச் சும்மா கிடந்தே கெடும் மின்கலங்கள் பல.

“எங்கள் வண்டி மின்கலம் இல்லாமலே ஓடுகின்றதே” என்று சிலர் கேட்பர். உண்மைதான். நாம் ‘கப்சாய்’ என்றழைக்கும் வண்டிகளுக்கு மூதாதையான ஹோண்டா சூப்பர் கப் 1958இல் ஜப்பானில் வெளிவந்தது. அவ்வழி வந்த ஆறு வோல்ட் சி-70 போன்றவற்றில், இயந்திரத்தின் சக்கரத்தோடு சுழலும் காந்தமே தீப்பொறிக்கு மின்சாரம் தருகின்றது. உதைத்தால் இயந்திரம் கிளம்பிவிடும். ஆனால் ஒலிப்பானும், திரும்பும் விளக்கும், பிரேக்கை மிதித்தால் எரியும் பின்விளக்கும் மின்கலத்தை நம்பியவை. விடியுமுன் பெரட்டுக்குப் போகும் இருண்ட சாலையில், பின்னே லாரி வரும்போது நாம் நிற்கப் போகின்றோம் என்று அறிவிப்பது அந்தச் சிறிய சிவப்பு விளக்கு ஒன்றே. மின்கலம் செத்தது தெரியாமல் மாதக்கணக்கில் ஓட்டியவர்களை நாம் அறிவோம்.

நாமும் ஒருமுறை பாடம் கற்றவர்களே. தந்தையார் விட்டுச் சென்ற சி-70ஐ மூன்று மாதம் மூடி வைத்துவிட்டுத் திரும்பினோம். மின்கலத்தின் மூச்சுக் குழாய் மடிந்து கிடந்ததனால் அமிலம் வேறு வழியாகக் கசிந்து, சட்டத்தின் சாயத்தைத் தின்று, சங்கிலியையும் துருப்பிடிக்கச் செய்திருந்தது. மின்கலம் போனதற்கு வருந்தவில்லை, அது வாங்கக்கூடியது. தந்தையார் வாரந்தோறும் துடைத்த சட்டம் அப்படியானதுதான் மனத்தை உறுத்தியது.

ஆகவே ஒரு மாதத்திற்கு மேல் வண்டியை நிறுத்துவதாயின் மின்கலத்தைக் கழற்றி வைப்பதே நன்று. முதலில் சட்டத்தோடு இணைந்த கம்பியைக் கழற்ற வேண்டும். ஹோண்டாவில் அது பச்சைக் கம்பி, எதிர்முனைக்குரியது. சிவப்பை முதலில் கழற்றினால், திருகுசாவி சட்டத்தில் பட்டவுடன் பொறி பறக்கும். பி.எஸ்.ஏ., டிரையம்ப் போன்ற பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் நேர்முனையே சட்டத்தோடு இணைந்திருக்கும். நிறத்தை நம்பாமல் கம்பி போகும் இடத்தைப் பார்க்க வேண்டும். திரும்ப மாட்டும்போது சட்டத்துக் கம்பி கடைசியில் வர வேண்டும்.

அடுத்து நீர்மட்டம். பெட்டியில் மேற்கோடும் கீழ்க்கோடும் உண்டு. நீர் குறைந்திருந்தால் வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் உப்பும் இரும்பும் கொண்டவை. தகரக் கூரையில் வழிந்த மழைநீரும் ஆகாது. கடையில் ‘பேட்டரி தண்ணீர்’ என்று கேட்டால் சில வேளை அமிலத்தையே எடுத்துத் தந்துவிடுவர். புட்டியின் மேலுள்ள எழுத்தைப் படித்து வாங்குவது நலம். வற்றுவது நீரேயன்றி அமிலம் அன்று. அமிலம் சேர்த்தால் தகடுகள் அரிக்கப்படும். பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தோடு பழகிய கைகள் நம் கைகள். ஆயினும் கந்தக அமிலத்திடம் அந்தத் துணிச்சல் வேண்டா. கண்ணில் பட்டால் உடனே நிறைய நீரால் வெகுநேரம் கழுவி மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

பிறகு மின்னேற்றம். மின்கலத்தின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டமே ஏற்றது. நான்கு ஆம்பியர்-மணி கொண்ட சிறு மின்கலத்திற்கு 0.4 ஆம்பியர் போதும். காருக்குரிய பன்னிரண்டு வோல்ட் கருவியை ஆறு வோல்ட் மின்கலத்தில் மாட்டினால் அது கொதித்துக் கெடும். மின்னேற்றும்போது மூடிகளைத் திறந்து வைத்துக் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். அப்போது வெளிவரும் ஹைட்ரஜன் வாயு எளிதில் வெடிக்கும்; அடுப்பும் சுருட்டும் அருகில் வரக்கூடாது. நிரம்பியதை அடர்த்திமானி கொண்டு அறியலாம், 1.26 அல்லது அதற்குச் சற்று மேல் காட்ட வேண்டும்.

மாதம் ஒருமுறை இவ்வாறு மின்னேற்றும்படி ஊரிலுள்ள பட்டறைக்காரரிடமோ மருமகனிடமோ ஒப்படைக்கலாம். “வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் இயந்திரத்தை உறுமவிட்டால் போதாதா?” என்பர். போதாது. மெதுவாகச் சுழலும் காந்தம் தரும் மின்சாரம் மிகச் சொற்பம்.

மின்கலத்தைச் சிமெந்துத் தரையில் வைத்தால் மின்சாரம் இறங்கிவிடும் என்பது பெரியவர்கள் சொல்லும் பேச்சு. அக்காலத்து மின்கலப் பெட்டிகள் பல கெட்டி இரப்பரால் ஆனவை. நம் கையால் வெட்டிய பாலும் அவற்றுள் கலந்திருக்கக்கூடும்! இன்றைய பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு அந்த அச்சம் தேவையில்லை. நிழலான, குழந்தைகளின் கை எட்டாத பலகை ஒன்றே வேண்டியது. முனைகளில் பூத்த வெண்தூளை ஆப்ப சோடா கரைத்த நீரால் துடைத்து, சோடா நீர் உள்ளே புகாமல் பார்த்து, வாசலின் தடவி வைக்கலாம்.

முற்றிலும் செத்த மின்கலத்தைக் கால்வாயிலோ வாழைத் தோப்பிலோ எறிதல் கூடாது. ஈயம் நஞ்சு, சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மலேசியாவில் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பழைய ஈய-அமில மின்கலம் கட்டுப்படுத்தப்பட்ட கழிவாகும். புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடலாம்.

ஊரிலிருந்து திரும்பியதும் மின்கலத்தை மாட்டி, மூச்சுக் குழாய் மடியாமல் கீழே இறங்குகின்றதா என்று பாருங்கள். பிறகு மறுநாள் பெரட்டுக்குக் கிளம்புமுன், வண்டியின் பின்புறத்தை வீட்டுச் சுவருக்கு எதிரே நிறுத்தி, சாவியைத் திருப்பிப் பிரேக்கை மிதியுங்கள். சுவரில் சிவப்பு விழுந்தால் புறப்படலாம்.