கட்டடம் நிமிரணும், கடன் ஏறக் கூடாது

இன்னைக்கு எபிசோடுக்கு விதை, நம்ம கேட்பவர் ஒருத்தர் அனுப்பின கேள்வி. வாடகை வீடுகளுக்கும் சின்ன ஹோட்டல்களுக்கும் போட்டோ எடுத்துக் கொடுக்கிறார். "கட்டடம் எல்லாம் பின்னாடி சாயுற மாதிரி வருது. டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் இஎம்ஐ-ல வாங்கலாமா?"னு கேட்கிறார். புதுசா வாங்கினா பெரிய செலவு வைக்கிற விஷயம். அதனால பொறுமையாப் பார்ப்போம்.

முதல்ல, ஏன் சாயுது? அண்ணா சாலையில எல்ஐசி கட்டடத்துக்கு எதிர்ல நிக்கிறீங்க. உச்சி தெரியணும்னு கேமராவை மேல தூக்குறீங்க. அந்த நொடியே சென்சார் சுவருக்கு இணையா இல்லாமப் போகுது. நேர்கோடுகள் மேல போகப் போக ஒண்ணை ஒண்ணு நெருங்குது. லென்ஸ் மேல தப்பே இல்லை. கேமராவை மட்டமா வெச்சா கோடு நேரா நிக்கும். ஆனா உச்சி வெட்டுப்படும், பாதி படம் வெறும் ரோடா இருக்கும்.

ஷிஃப்ட் லென்ஸ் செய்யுறது இதுதான்: சென்சாரைவிடப் பெரிய வட்டத்துல பிம்பத்தை விழ வைக்கும். கேமரா மட்டமாவே இருக்க, லென்ஸை மட்டும் மேல நகர்த்தி அந்த வட்டத்தோட வேற பகுதியை எடுத்துக்கலாம். 35 மிமீ எஸ்எல்ஆர் கேமராவுக்கு நிக்கான் இதை 1960-களோட தொடக்கத்துலயே கொண்டு வந்துட்டாங்க. கேனான் 1973-ல டில்ட்டையும் சேர்த்தாங்க.

இப்போ கவனிங்க. பெரிய பிம்பத்துல ஒரு பகுதியை எடுக்கிறதுன்னா, அதை நாமே கிராப் பண்ணியும் எடுக்கலாமே? ஃபுல் ஃப்ரேம் கேமராவுல 16 மிமீ லென்ஸைப் போட்டு, கேமராவை செங்குத்தா, மட்டமாப் பிடிங்க. கீழ்ப் பகுதியை வெட்டி, மேல 24-க்கு 16 மிமீ அளவை மட்டும் வெச்சுக்கோங்க. 24 மிமீ ஷிஃப்ட் லென்ஸை 15 மிமீ மேல நகர்த்தினா கிடைக்கிற அதே காட்சி! இழப்பு பிக்சல்தான். 24 மெகாபிக்சல்ல சுமார் 10 மிஞ்சும். வாடகை விளம்பரத்துக்கு அது தாராளம்.

அடுத்த வழி, ஷிஃப்ட் அடாப்டர். இது முக்கியமா மிரர்லெஸ் கேமராவுக்கு. சோனி இ மவுண்ட்ல சென்சாருக்கும் மவுண்டுக்கும் 18 மிமீ தூரம், பழைய நிக்கான் லென்ஸுக்கு 46.5 மிமீ வேணும். நடுவுல இருக்கிற இடத்துலதான் நகர்த்துற அடாப்டர் உட்காருது. ஏபிஎஸ்-சி சென்சார்ல ஃபுல் ஃப்ரேம் லென்ஸைப் போட்டா, கணக்குப்படி சுமார் 10 மிமீ நகர்த்தலாம். ஒரு சிக்கல் என்னன்னா, 24 மிமீ லென்ஸ் அங்கே 36 மாதிரிதான் தெரியும். குறுகலான தெருவுல பின்னாடி போக இடம் இருக்காது.

மூணாவது, சாஃப்ட்வேர். டார்க்டேபிள், ஹகின் ரெண்டும் இலவசம். ஆனா மேல்பகுதியை இழுத்து விரிக்கிறதால அங்கே கூர்மை குறையும், ஓரங்களும் வெட்டுப்படும். அதனால எடுக்கும்போதே சுத்தி இடம் விட்டு எடுங்க. கோடுகளை நூத்துக்கு நூறு நிமிர்த்தவும் வேண்டாம். கொஞ்சம் சாய்வு மிச்சம் இருந்தாத்தான் உயரமான கட்டடம் கண்ணுக்கு இயல்பா இருக்கும்.

கோபுரம் எடுக்கிறவங்க கூடுதலா கவனிக்கணும். கோபுரம் இயல்பாவே மேல குறுகும். அதோட விளிம்பை நேராக்கப் போனா கோபுரமே கெட்டுடும். கீழே கல் வாசலோட நிலைகளையோ, பக்கத்துல இருக்கிற கொடிமரத்தையோ அளவா வெச்சுக்கோங்க.

டில்ட் வேற கதை. அது ஃபோகஸ் விழுற தளத்தையே சாய்க்கும். டேபிள் மேல வரிசையா இருக்கிற சாப்பாட்டுத் தட்டு முழுக்கக் கூர்மையா வரணும்னா உதவும். இதை கிராப் பண்ணிக் கொண்டுவர முடியாது. வெவ்வேறு ஃபோகஸ்ல எடுத்த படங்களைச் சேர்த்துத்தான் ஓரளவு ஈடுகட்டலாம்.

ஆக, நண்பருக்குப் பதில்: இப்போதைக்கு இஎம்ஐ வேண்டாம். ட்ரைபாட், ஒரு வைடு லென்ஸ், கேமராவுல இருக்கிற லெவல் காட்டி, இது போதும். பெரிய பிரிண்ட் கேட்கிற ஆர்க்கிடெக்ட் வேலை வந்தா, அன்னைக்கு மட்டும் லென்ஸை வாடகைக்கு எடுங்க, வாடகையை பில்லுல சேருங்க. மாசா மாசம் அப்படி வேலை வந்தா, அப்போ வாங்குறதைப் பத்தி யோசிக்கலாம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுவரைக்கும் கேமராவை மட்டமா வெச்சுக்கோங்க!