தபால்காரரின் வேலையும் நம் வீட்டுப் பிள்ளைகளும்



இன்றைய உரையில் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், அஞ்சல் ஊழியர்களின் வேலைப் பாதுகாப்பு. "தபால்காரர் வேலைக்கும், தோட்டத்தில் பால்மரம் சீவிப் பிழைத்த எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. தோட்டப் பள்ளியில் படித்து வெளியேறிய பிள்ளைகளில் சிலர், நிரந்தர உத்தியோகம் என்று நம்பி அஞ்சல் வேலையில் சேர்ந்தார்கள். இன்றும் நம் இளைஞர்கள் பலர் மோட்டார் சைக்கிளில் பொட்டலம் சுமந்து வீடு வீடாகப் போகிறார்கள். அவர்களுடைய கவலை அவர்களைப் பெற்றவர்களின் கவலையும் ஆகும்.

முதலில் சற்றுப் பழையதை நினைத்துப் பார்ப்போம். தோட்டத்துக்கு வந்த கடிதங்கள் பெரும்பாலும் தோட்ட அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தன. கிராணி பெயரைப் படித்துக் கொடுப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், தெரிந்தவரைத் தேடிப் போய் வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்கு மணியார்டர் அனுப்பியதும் அஞ்சலகத்தின் வழியாகத்தான். சிறுகச் சிறுகச் சேமித்ததும் அஞ்சலகச் சேமிப்பு வங்கியில்தான். அந்தச் சேமிப்பு வங்கியே 1974 டிசம்பரில் தேசிய சேமிப்பு வங்கியாக, அதாவது பேங்க் சிம்பானான் நேஷனலாக மாறியது.

அஞ்சல் சேவை நெடுங்காலம் அரசாங்க இலாகாவாக இருந்தது. 1983 இல் தனியார்மயக் கொள்கை அறிவிக்கப்பட்டது. 1987 ஜனவரியில் தொலைபேசி இலாகா கம்பெனியாயிற்று. 1992 ஜனவரி முதல் தேதியன்று அஞ்சல் இலாகாவும் போஸ் மலேசியா என்ற நிறுவனமாக மாறியது. 2011 இல் அரசாங்க முதலீட்டு நிறுவனத்திடம் இருந்த பங்குகள் தனியார் குழுமம் ஒன்றின் கைக்குப் போயின. அஞ்சலகம் இருக்கும் கட்டடமும் ஊழியரின் சைக்கிளும் பழையபடியே இருந்தாலும், உத்தியோகத்தின் தன்மை மாறிவிட்டது. இலாகா, சேவையை முன்வைத்து நடப்பது. கம்பெனி, வரவு செலவுக் கணக்கைப் பார்த்தே நடக்கவேண்டும்.

அந்தக் கணக்குதான் இப்போது இடிக்கிறது. தொலைபேசி வந்தபோதும் கடிதம் பிழைத்தது. மின்னஞ்சல் வந்தது, கைத்தொலைபேசி வந்தது, மின்சாரக் கட்டணமும் வங்கிக் கணக்கும் கைத்தொலைபேசித் திரையிலேயே வரத் தொடங்கின. நாம் நலம் விசாரித்து எழுதிய கடிதங்கள் முதலில் நின்றன. பிறகு கம்பெனிகள் அனுப்பும் கடிதங்களும் குறைந்தன. 2010 ஜூலையில் சாதாரணக் கடிதத்துக்கான தபால் கட்டணம் 30 காசிலிருந்து 60 காசாக உயர்ந்தது. கட்டணம் உயர்ந்தும் நிலைமை சீர்படவில்லை. 2020 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் நம் அஞ்சல் நிறுவனம் நட்டக் கணக்கே காட்டியது.

கடிதம் குறைந்தால் வேலையும் செலவும் குறையத்தானே வேண்டும் என்று தோன்றும். பால்மரம் சீவியவர்களுக்கு இதன் விடை எளிதில் விளங்கும். இலை உதிரும் காலத்தில் பால் குறைந்துவிடுகிறது. ஆனாலும் மரத்துக்கு மரம் நடந்துதான் ஆகவேண்டும். நடக்கும் தூரம் ஓர் அடிகூடக் குறைவதில்லை. தபால்காரர் கதையும் அதுவே. பையில் முந்நூறு கடிதம் இருந்தாலும் முப்பது இருந்தாலும் அதே சாலை, அதே வீடுகள், அதே வெயில். அது மட்டுமா? ஆண்டுதோறும் புதிய தாமான்கள் எழும்புகின்றன. வாசற்கதவுகள் கூடுகின்றன, கடிதங்கள் குறைகின்றன. ஒவ்வொரு கடிதத்தையும் கொண்டுசேர்க்கும் செலவு ஏறிக்கொண்டே போகிறது.

மற்ற நாடுகளிலும் இதே நிலைதான். டென்மார்க்கில் 1624 இல் தொடங்கிய அரசாங்க அஞ்சல் சேவை, 2025 டிசம்பர் 30 ஆம் தேதி தன் கடைசிக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, கடித விநியோகத்தையே நிறுத்திக்கொண்டது. 2000 ஆம் ஆண்டுக்குப் பிறகு அங்கே கடிதங்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேலாகக் குறைந்துபோயின. அந்த முடிவால் 1,500 வேலைகள் போகும் என்று 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. கனடாவில் 2024 நவம்பரில் அஞ்சல் ஊழியர்கள் ஏறத்தாழ 55,000 பேர் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிரிட்டனில் இரண்டாம் வகுப்புக் கடிதங்களை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் போதும் என்று 2025 ஜூலையில் அனுமதி வழங்கப்பட்டது.

அப்படியானால் அஞ்சல்காரருக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. கடிதம் போன இடத்தில் பொட்டலம் வந்திருக்கிறது. 2020 மார்ச் 18 ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தபோது, கடைக்குப் போக முடியாதவர்கள் வீட்டிலிருந்தபடியே பொருள் வாங்கப் பழகினார்கள். பொட்டலங்கள் மலைபோல் குவிந்தன. அதே ஆண்டில் உரிமம் பெற்ற கூரியர் நிறுவனங்களின் எண்ணிக்கை நூற்றைத் தாண்டியிருந்தது. போட்டி அளவுமீறிப் போனதால், செப்டம்பரில் புதிய உரிமம் வழங்குவதையே அரசாங்கம் நிறுத்திவைத்தது.

போட்டியாளர்கள் பெருகினால் கட்டணம் இறங்கும். கட்டணம் இறங்கினால், அந்தச் சுமை கடைசியில் யார் தலையில் விழுகிறது? மழையில் நனைந்து பொட்டலம் கொண்டுவருகிறானே, அவன் தலையில்தான் விழுகிறது. பல கம்பெனிகள் நிரந்தர ஊழியரை வைத்துக்கொள்வதில்லை. பொட்டலத்துக்கு இவ்வளவு காசு என்று ஒப்பந்தம் பேசிக்கொள்கின்றன. ஒரு பேச்சுக்கு, ஒரு பொட்டலத்துக்கு 1 வெள்ளி 20 காசு என்றும், நாளைக்கு 80 பொட்டலம் என்றும் வைத்துக்கொள்வோம். 96 வெள்ளி வருகிறது. கேட்பதற்கு நல்ல காசுதான். ஆனால் பெட்ரோல் அவனுடையது, மோட்டார் சைக்கிள் தவணை அவனுடையது, டயர் தேய்ந்தாலும் சங்கிலி அறுந்தாலும் செலவு அவனுடையது. காய்ச்சல் வந்து படுத்தால் அன்றைக்கு வருமானமே இல்லை. நிரந்தர ஊழியர் 2,000 வெள்ளி சம்பளம் வாங்கினால், ஊழியர் சேமநிதியில் முதலாளி தம் பங்காக மாதம் 260 வெள்ளி போடுகிறார். ஒப்பந்தக்காரனுக்கு அந்த 260 வெள்ளி இல்லை. பிள்ளை கொண்டுவரும் பணத்தை எண்ணும்போது, வராத பணத்தையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

நிரந்தர ஊழியர்களின் கவலை வேறு விதமானது. கிளை அஞ்சலகம் மூடப்படுமா? இரண்டு பேர் பார்த்த வட்டாரத்தை ஒருவர் தலையில் கட்டிவிடுவார்களா? ஐம்பது வயதுக்கு மேல் புதுக் கருவியைக் கற்றுக்கொள்ளச் சொன்னால் என்ன செய்வது? இந்தக் கவலைகளைப் பயத்தால் தீர்க்க முடியாது. சட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் உரிமையைத் தெரிந்துகொள்வது முதல் மருந்து. அஞ்சலில் மட்டுமல்லாமல், எந்தக் கம்பெனியில் வேலை செய்பவர்களும் இதைக் கவனமாகக் கேளுங்கள்.

ஆட்குறைப்பு செய்யும் முதலாளி முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்கவேண்டும். 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 4 வாரம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு 6 வாரம், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 8 வாரம் என்பது குறைந்தபட்ச அளவு. அடுத்து, நட்டஈடு. 1980 ஆம் ஆண்டு விதிகளின்படி, ஓராண்டாவது வேலை செய்திருக்கவேண்டும். இரண்டு ஆண்டுக்குக் குறைந்திருந்தால் ஒவ்வோர் ஆண்டுக்கும் 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு 15 நாள். ஐந்து ஆண்டுக்கு மேல் 20 நாள். பன்னிரண்டு ஆண்டு வேலை செய்தவரின் நாள் சம்பளம் 80 வெள்ளி என்றால், 240 நாளுக்கு 19,200 வெள்ளி கிடைக்கவேண்டும். மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்குவோருக்கு இந்த நட்டஈட்டு விதி பொருந்தாது. அவர்கள் தங்கள் வேலை ஒப்பந்தத்தையும் சங்க ஒப்பந்தத்தையும் பார்க்கவேண்டும்.

யாரை முதலில் நிறுத்துவது என்பதற்கும் ஒரு முறை உண்டு. கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் போகவேண்டும் என்பது 1975 ஆம் ஆண்டு தொழில் நல்லிணக்க நெறிமுறை சொல்லும் வழி. தக்க காரணமின்றி இதை மீறினால், தொழிலியல் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அநியாயமாக வேலைநீக்கம் செய்யப்பட்டவர் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் கொடுக்கவேண்டும். அறுபத்தோராவது நாள் போனால் கதவு மூடியிருக்கும்.

2018 இல் நடைமுறைக்கு வந்த வேலைக் காப்புறுதித் திட்டத்தையும் மறந்துவிடாதீர்கள். சொக்சோ அலுவலகமே இதை நடத்துகிறது. வேலை இழந்தவர் 60 நாளுக்குள் விண்ணப்பித்தால், வேலை தேடும் காலத்தில் ஆறு மாதம் வரை உதவித்தொகை பெறலாம். புதுத் தொழில் கற்கவும் உதவி உண்டு. இங்கே ஓர் எச்சரிக்கை. "நீயாகவே விலகுவதாக எழுதிக் கொடுத்துவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். தாமாக விலகியவருக்கு ஆட்குறைப்பு நட்டஈடும் இல்லை, இந்த உதவித்தொகையும் இல்லை. காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, படித்தவரிடம் காட்டி, சங்கத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு கையெழுத்தில் பன்னிரண்டு ஆண்டு உழைப்பும் போய்விடக்கூடும்.

ஒப்பந்த முறையில் ஓடும் பிள்ளைகளுக்கும் வழி அடியோடு அடைபட்டுவிடவில்லை. சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ பாதுகாப்புக்கு 2017 இல் சட்டம் வந்தது. 2025 இல் கிக் தொழிலாளர் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சேவை ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்கவேண்டும் என்பதையும், தகராறு வந்தால் போய்ச் சொல்ல ஒரு நடுவர் மன்றத்தையும் அது ஏற்படுத்தியது. சேமநிதியிலும் தாமாகப் பணம் போடலாம். அரசாங்கமும் ஒரு பகுதி சேர்த்துப் போடும் ஐ-சாரான் திட்டம் இவர்களுக்காகவே ஏற்பட்டது. தாய்மார்களே, மகன் மாலையில் வீடு திரும்பியதும், "இன்றைக்கு எவ்வளவு கிடைத்தது?" என்று கேட்கிறீர்கள். அதோடு, "சொக்சோ கட்டினாயா?" என்றும் கேளுங்கள். சாலையில் ஓடுகிற பிள்ளைக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அது.

வேலை போகும் என்ற அச்சம் தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. ஐம்பதுகளின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் தோட்டத் துண்டாடல் வந்தபோது, எத்தனையோ குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தன. அப்போது அழுதுகொண்டு மட்டும் இருந்துவிடவில்லை. 1954 இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இருந்தது. 1960 இல் துன் சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து மிச்சம்பிடித்த காசைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். பழைய தொழில் மாறுவதைத் தடுக்க அவர்களால் முடியவில்லை. மாறும்போது கையாலாகாமல் நிற்காதபடி தங்களைக் காத்துக்கொண்டார்கள். இன்றைய அஞ்சல் ஊழியருக்கும் பொட்டலம் சுமக்கும் இளைஞருக்கும் அந்தப் பாடம் பொருந்தும். சங்கத்தில் சேர்தல், சந்தாவை ஒழுங்காகக் கட்டுதல், சம்பளச் சீட்டையும் ஒப்பந்தத்தையும் பத்திரப்படுத்தி வைத்தல், லாரி ஓட்டுநர் உரிமமோ கிடங்கு வேலைப் பயிற்சியோ ஏதாவது ஒரு கூடுதல் தகுதியைத் தேடிக்கொள்ளுதல் ஆகிய இவையெல்லாம் வேலை இருக்கும்போதே செய்யவேண்டியவை.

பொதுமக்களாகிய நமக்கும் கடமை உண்டு. வீட்டு எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும் தெளிவாக எழுதுவோம். நாயைக் கட்டிவைப்போம். பொட்டலம் அரைமணி தாமதமானதற்காக, கொண்டுவந்தவர்மேல் எரிந்து விழாதிருப்போம். கைத்தொலைபேசி பார்க்கத் தெரியாத பாட்டிக்கு இன்றும் அரசாங்கக் கடிதம் தபாலில்தான் வரவேண்டும். எட்டாத இடத்தில் இருக்கும் தோட்டத்துக்கும் அது வந்து சேரவேண்டும். லாபம் தராத பாதையிலும் அந்தச் சேவை நடக்கவேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதைக் கேட்கும்போது, அந்தப் பாதையில் நடப்பவருக்கு நிலையான சம்பளமும் முதுமைக்கு ஒரு சேமிப்பும் வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்போமாக.